பக்கத்து நாற்காலி

செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. எலெக்ட்ரீஷியன் ஒருவர் உள்ளே வந்து, கைக்குட்டையில் பொதிந்திருந்த மூக்குக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். மகளுடையது என்றார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஒரு பெண் பிடித்துத் தள்ளிவிட்டாள், வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது, கண்ணாடி இல்லாமல் பிள்ளை வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவித் தடவி நடக்கிறாள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வியாழக்கிழமை விசாரணை. அதற்குள் வேறு கண்ணாடி வேண்டும்.

"அந்தப் பொண்ணை ஸ்கூலைவிட்டே அனுப்பறாங்களாம். அனுப்பட்டும். எம்பொண்ணு நிமிர்ந்து உட்கார்ந்து அதைப் பார்க்கணும்."

கண்ணாடியை வாங்கிக்கொண்டவளைத் தெருவில் எல்லாரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் முன்பக்கம் உட்கார்ந்து கண் பரிசோதிப்பது அவளுடைய கொழுந்தனார். பின்னறையில் லென்ஸை வெட்டி ஃபிரேமில் பொருத்துவதும், கோணிப்போனதை நிமிர்த்துவதும் அவள். வயது முப்பத்தாறுதான், ஆனால் அறுபது வயதுக்காரர்களும் அக்கா என்பார்கள். "எங்கப்பாவும் ஒருநாள் உங்களை அக்கான்னு கூப்பிடத்தான் போறார் அண்ணி" என்று கொழுந்தனார் கிண்டல் செய்வார்.

 வியாழக்கிழமை விசாரணையில், தள்ளிவிட்டதாக அவர் சொன்ன அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப்போவது அவள்தான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.  நாளை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் போன வருடத்துக்கு முந்தின வருடம் மட்டும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்பியிருந்தார்கள். சிலரை ஒரு வாரத்துக்கு, சிலரை ஒரேயடியாக. ஏன் செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை, பெற்றவர்களுக்குக் கடைசி நாளில்தான் காகிதம் வரும். வேன் ஓட்டுகிறவர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் ஏற்றி இறக்குகிறவர், தன் வேனில் காலியான இருக்கைகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார். அவர்தான் வீடு வீடாக ஏறி இறங்கி ஒரு குழுவைச் சேர்த்தவர். இரண்டு வாரம் வாசலில் நின்று, கத்தி, கெஞ்சி, கடைசியில் தலைமையாசிரியை ஒரு ஏற்பாட்டுக்குச் சம்மதித்தார். இனி எந்தப் பிள்ளையையும் அனுப்புவதற்கு முன் விசாரணை ஒன்று நடக்கும். பிள்ளையின் பக்கத்தில் குழுவிலிருந்து ஒருவர் உட்காரலாம். அடிக்கடி புகார் வருகிற பிள்ளைகளை அந்த ஆள் வாரம் ஒருமுறை சந்தித்துப் பேச வேண்டும். ஒரு வருடச் சோதனை. அந்த ஒரு வருடம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

குழுவில் இருந்த கண்ணாடியக்காவிடம் ஒப்படைத்திருந்த பெண் பத்தாம் வகுப்பு. வகுப்பில் அவளுக்கு லேட்டு என்று பெயர், வாரத்தில் மூன்று நாள் தாமதம். கணக்கு வாத்தியார்தான் ஒழுங்குக்கும் பொறுப்பு. அவர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏழு வியாழக்கிழமைகள் இருவரும் நூலகத்து மூலையில் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். நான்காவது வாரம்தான் அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். படிக்கட்டு விவகாரம் நடந்த அன்றே அவள் சொன்னது இதுதான்: "நான் தொடவே இல்லக்கா. அவளே தடுக்கி விழுந்தா. நான் மேல நின்னுக்கிட்டிருந்தேன்."

அக்கா நம்பினாள். குழுவும் நம்பியது. வேன்காரர் மூன்றே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கிவிட்டார்.

இப்போது பின்னறை விளக்குக்குக் கீழே கைக்குட்டையைப் பிரித்தாள். படியில் விழுந்த கண்ணாடி எப்படி இருக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. ஒரு பக்கம் நசுங்கும், லென்ஸில் சிராய்ப்பு விழும், ஓரத்தில் மண் அப்பியிருக்கும். இதில் லென்ஸ் இரண்டும் பளிங்குபோல் இருந்தன. மூக்கின்மேல் உட்காரும் பாலம் துணி பிழிந்ததுபோல் முறுகியிருந்தது. காதுக்கம்பிகள் எதிரெதிர்த் திசையில் திரும்பி நின்றன. இரண்டு கையால் பிடித்துத் திருகினால் ஒழிய ஒரு ஃபிரேம் அப்படி ஆகாது.

லென்ஸை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தாள். மைனஸ் ஏழு. கழற்றிவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவர் முகமே கலங்கித் தெரியும். படி எங்கே முடிகிறது என்று எங்கே தெரியப்போகிறது.

மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு அந்த ஃபிரேமையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொழுந்தனார் எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா அண்ணி என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு லேட்டுவின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விடிகாலை வேலை பார்க்கிறவள், உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். லேட்டு ஒரு கையால் துணி மடித்துக்கொண்டே மறுகையால் மூன்று வயதுத் தங்கைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் அக்கா. லேட்டு அதே வார்த்தைகளை அதே வரிசையில் ஒப்பித்தாள். மனப்பாடம் செய்ததுபோல் இருந்தது.

"அவளோட கண்ணாடி என் கடைக்குத்தான் வந்திருக்கு" என்றாள் அக்கா.

லேட்டுவின் கை நின்றது. தங்கை பாதிச் சட்டையோடு நெளிந்தாள்.

"விழுந்து உடைஞ்ச கண்ணாடி இல்ல அது. யாரோ முறுக்கியிருக்காங்க."

"இத எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல. உங்கிட்டதான் முதல்ல."

"நீங்க யார் பக்கம்?"

 உன் பக்கம்தான், ஆனால் பொய் பேசி உட்கார என்னால் முடியாது, நான் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன், நீதான் சொல்ல வேண்டும் என்று அக்கா தட்டுத்தடுமாறிச் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் கணக்கு வாத்தியார் குரல்போல் இருப்பது அவளுக்கே கேட்டது. லேட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அம்மா எழுந்துருவாங்க. வியாழக்கிழமை நீங்க வரவேணாம்."

படியிறங்கும்போது அக்கா இதுவரை பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். ஏழு வாரம் பேசியிருக்கிறாள். என்ன படித்தாய், எந்தப் பாடம் கஷ்டம், என்ன ஆகப்போகிறாய் என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். மூன்று வயதுக் குழந்தையைக் காலையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் புதன். காலைச் சவாரி முடிந்து வேன்காரர் கடைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். குழுவுக்குத் தலைவர் அவர், மறைக்க அவளால் முடியவில்லை. பின்னறைக் கதவை அவரே சாத்தினார்.

"அந்த உடைஞ்சது எங்க?"

அவள் இழுப்பறையைக் காட்டினாள்.

"குப்பையில போடும்மா. புதுசு செஞ்சாச்சு, பழசு எதுக்கு? யாரும் கேட்கப்போறதில்ல."

"அது அவங்களோட பொருள், அண்ணே."

அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பொய்க்கா போட்டோம் என்று காறித் துப்புவார்கள் என்றார். கணக்கு வாத்தியார் எப்போது சாக்குக் கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருக்கிறார், மாதக் கடைசியில் ஏற்பாட்டையே மூட்டை கட்டிவிடுவார்கள், அடுத்து வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு நாதி இருக்காது என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் அவளை வாட்டியது.

"நான் வாயத் திறக்கமாட்டேன் அண்ணே. ஆனா தொடவே இல்லைன்னும் சொல்லமாட்டேன்."

"சும்மா உட்கார்ந்திருந்தா அதுவே சொன்ன மாதிரிதான். எல்லாரும் முகத்தைப் படிப்பாங்க."

போகும்போது அவர் வழக்கமாகச் சொல்லும் வரட்டுமா என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் வந்தார். அக்கா புதுக் கண்ணாடியை உறையில் வைத்துக் கொடுத்தாள். பழையதை அதே கைக்குட்டையில் பொதிந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு, நாளை அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரப்போவது தான்தான் என்றும், நேற்றே சொல்லாதது தப்பு என்றும் சொன்னாள்.

 அவர் மெதுவாக உறையைத் திறந்து, கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இதுல ஏதாவது குறை வச்சிருக்கீங்களா?"

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. "இல்லைங்க. உங்க பொண்ணு கண்ணுக்கு என்ன வேணுமோ அதான் இருக்கு."

அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சண்டைக்கு இப்படி இளைத்துப்போனால் என் தையல் மெஷினுக்குத்தான் வேலை என்று தையல்காரரான கணவர் பேச்சை மாற்றப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு, தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தானே கழுவி வைத்தார்.

வியாழக்கிழமை மூன்று மணி. தலைமையாசிரியை அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் தலைமையாசிரியை, கணக்கு வாத்தியார். எதிரே எலெக்ட்ரீஷியனும் மகளும். அந்தப் பெண் லேட்டுவின் வகுப்பு மானிட்டர். மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, புதுக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைக் கோடியில் மூன்று நாற்காலி. நடுவில் உள்ளது காலி. வலப்பக்கம் கண்ணாடியக்கா. இடப்பக்கம் அம்மாவுக்குப் போட்டது, அதுவும் காலி. வேன்காரர் வெளியே வராந்தாவில் கையெழுத்துக் காகிதங்களோடு நின்றார்.

வரவேணாம் என்று லேட்டு சொன்ன பிறகும் அக்கா வந்திருந்தாள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் பழைய முறைப்படியே முடிவெடுக்கலாம் என்பது ஏற்பாடு. அதற்கு இடம் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

மூன்று ஐந்து ஆனது. கணக்கு வாத்தியார் பத்து நிமிடம்தான் காத்திருக்க வேண்டும் என்று விதியில் இருப்பதை நினைவூட்டினார். மூன்று எட்டு. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுக்கும் லேட்டு" என்றார், யாரிடமென்றில்லாமல். மானிட்டர் தலை குனிந்தாள்.

மூன்று ஒன்பதுக்கு வராந்தாவில் செருப்புச் சத்தம். லேட்டுவும் அம்மாவும் உள்ளே வந்தார்கள். அம்மா சலவைக்கூடத்து நீலச் சீருடையில் இருந்தாள், கைகள் வெளிறி ஊறிப்போயிருந்தன, கண்கள் சிவந்திருந்தன. லேட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியது.

கணக்கு வாத்தியார் புகாரைப் படித்தார். படிக்கட்டில் வைத்துச் சக மாணவியைத் தள்ளி எலும்பு முறியச் செய்தது. தலைமையாசிரியை என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

 அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

"நான் தள்ளல" என்றாள் லேட்டு.

கணக்கு வாத்தியார் பேனாவை மூடினார்.

"தள்ளல. ஆனா தொடலைன்னு சொன்னது பொய். அவ கண்ணாடியப் பிடுங்கி முறுக்கி அவ கையிலேயே கொடுத்துட்டுப் போயிட்டேன். பத்துப் படி ஏறினதும் சத்தம் கேட்டுது. திரும்பிப் பார்த்தேன், கீழ கிடந்தா. இறங்கி வரல. ஓடிட்டேன்."

எலெக்ட்ரீஷியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.  மகள் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

தலைமையாசிரியை ஏன் என்று கேட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். லேட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அம்மா ஐந்தரைக்கு வேலைக்குப் போய்விடுவாள். குழந்தைகள் காப்பகம் ஏழரைக்குத்தான் திறக்கிறது. தங்கையை விட்டுவிட்டு ஓடிவந்தால் பதினைந்து, இருபது நிமிடம். ஏழே முக்காலுக்கு வாசல் மூடிவிடும். வெள்ளிக்கிழமை வாசல் மூடுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டாள். அப்படியும் மானிட்டர் வாசலில் எழுதும் தாமதப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதோடு அந்தப் பருவத்தின் தாமதம் பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டு ஆனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"இன்னிக்கு மத்தியானம்தான் அம்மாகிட்ட உண்மையச் சொன்னேன். அவங்க வேலை செய்யற இடத்துக்குப் போய். அதான் லேட்டு."

யாரும் எதிர்பாராமல் மானிட்டர் பேசினாள். குரல் மெல்லியது, ஆனால் நடுங்கவில்லை.

"அவ உள்ள வந்ததை நான் பார்த்தேன். இருந்தாலும் எழுதினேன்."

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"தினமும் அஞ்சு பேராவது இருக்கணும்னு சார் சொல்லியிருக்கார். குறைஞ்சா என் பேரை எழுதிக்குவேன்னார். அன்னிக்கு நாலு பேர்தான் இருந்தாங்க. இவ எப்பவும் லேட்டுதானே, யாரும் கேட்கமாட்டாங்கன்னு எழுதிட்டேன்." பிறகு லேட்டுவை நேராகப் பார்த்தாள். "அதுக்காக நீ பண்ணினது சரின்னு ஆகாது. நீ தள்ளல, ஆனா எனக்குப் படியே தெரியல. நீ திரும்பிப் பார்த்துட்டுப் போயிட்டே."

"ஆமா" என்றாள் லேட்டு.  அம்மாவின் ஊறிப்போன கை அவள் முதுகில் வந்து படிந்தது.

கணக்கு வாத்தியார் அது பிள்ளைகளை உஷார்படுத்தச் சொன்ன பேச்சு, அளவெல்லாம் வைக்கவில்லை என்றார். தலைமையாசிரியை அவர் பக்கம் திரும்பவே இல்லை. பட்டியல் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லா நாளும் ஐந்து பெயர். ஒரு நாள்கூட நான்கு இல்லை. நோட்டைத் தன் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

அதன்பிறகும் ஒன்றரை மணி நேரம் ஆனது. அனுப்பத்தான் வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் விடாப்பிடியாக நின்றார். தன் பெண்ணுக்கு முறிந்த எலும்பு பட்டியலால் கூடிவிடாது என்றார். அதில் நியாயம் இருந்தது. கண்ணாடியக்கா அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். உங்கள் பெண்ணுக்கு இப்போது என்ன வேண்டும் என்று அவளையே கேட்கலாமா என்றாள்.

மானிட்டர் யோசித்தாள். "அவ என் பக்கத்துல வரக்கூடாது. மன்னிப்புக் கடிதமெல்லாம் வேணாம். எனக்கு நோட்ஸ் வேணும். ஆறு வாரம் எழுத முடியாதாம்."

கடைசியில் முடிவானது இது. லேட்டு பள்ளியில் இருப்பாள், ஆனால் வேறு பிரிவுக்கு மாறுவாள். மாவுக்கட்டு பிரிக்கும்வரை எல்லாப் பாடத்தையும் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை மானிட்டருக்காக ஆசிரியர் அறையில் வைக்க வேண்டும். கண்ணாடியை முறுக்கியதும், விழுந்தவளை விட்டுவிட்டு ஓடியதும், பொய் சொன்னதும் அவளுடைய பதிவேட்டில் எழுதப்படும். தள்ளியதாக எழுதப்படாது. வாசல் பட்டியலை இனி எந்தப் பிள்ளையும் எழுதாது. பன்னிரண்டாவது தாமதம் அடிக்கப்பட்டது, மற்ற பதினொன்று அப்படியே நின்றன.

வெளியே வந்ததும் வேன்காரர் கையெழுத்துக் காகிதங்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. லேட்டுவிடம் போனார்.

"காப்பகம் எந்தத் தெருவுல?"

அவள் சொன்னாள்.

"அந்த வழியாத்தானே தினமும் போறேன்" என்றார் அவர், தனக்குத்தானே கோபித்துக்கொண்டதுபோல். "ஏழரைக்கு வாசல்ல நில்லு. அஞ்சு நிமிஷத்துல கொண்டுபோய் விட்டுடறேன்."

கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அவரைப் பிடித்துக் கேட்டார்கள். ஒவ்வொரு வீடாக மறுபடி ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னார். நாற்பது பேர் குழுவின் பக்கமே இனி வரமாட்டோம் என்றார்கள். மாதக் கடைசியில் தலைமையாசிரியை ஏற்பாட்டை ஆறு மாதம் நீட்டித்தார், அதற்குமேல் பார்க்கலாம் என்றார். ஒழுங்குப் பொறுப்பு வேறொரு ஆசிரியைக்குப் போனது. வேன்காரர் அக்காவோடு பழையபடி பேச மூன்று வாரம் பிடித்தது. எலெக்ட்ரீஷியன் அந்தக் கடைக்கு மறுபடி வரவே இல்லை.

லேட்டு இப்போது வியாழக்கிழமைகளில் நூலகத்துக்குப் பதில் கடையின் பின்னறைக்கு வந்தாள். முதல் நாள் வந்தவள் பையை இறக்காமலேயே நின்று, வரவேணாம்னு சொல்லியும் ஏன் வந்தீங்க என்று கேட்டாள். உன்னைத் தனியாக உட்காரவிட மனசில்லை என்றாள் அக்கா.  கொழுந்தனாரின் பழைய மேஜையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள், இரண்டாவது பிரதியை அங்கேதான் எழுதுவாள்.

நான்காவது வாரம், ஆசிரியர் அறையிலிருந்து ஒரு நோட்டு திரும்பி வந்திருந்தது. ஒரு கணக்கைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம். பக்கத்தில் இடது கையால் எழுதிய கோணல்மாணல் எழுத்து: மூணாவது வரி தப்பு.

"தப்பெல்லாம் இல்லக்கா. வேணும்னே பண்றா" என்று லேட்டு பொருமினாள். நோட்டை அக்காவிடம் நீட்டினாள். அக்கா தனக்கும் கணக்குக்கும் ஆகாது என்று சொல்லி லென்ஸைத் தேய்க்கப் போய்விட்டாள்.

லேட்டு ஒரு தாளை எடுத்து முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் மூன்றாவது வரி வேறாகத்தான் வந்தது. பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுப் பக்கத்தில் தலைப்பை எழுதினாள்.